சன்னாசி ஜீப்புக்கு டிஸ்ட்ரிபியூட்டரு மாத்துன கதை

போடி ஜீப்பு ஸ்டாண்டுல ஒரு கட்டுப்பாடு உண்டு. முறை வந்த வண்டியில பத்துப் பேரு ஏறி உக்காந்துட்டா, அது கெளம்புனாலும் சரி, கெளம்பாம முரண்டு புடிச்சாலும் சரி, முறை அந்த வண்டிக்குத்தான். அதுல ஒரே ஒரு ஆளு எறங்கித் தரையில காலை வச்சாலும் போச்சு. முறை பின்னாடி நிக்கிற வண்டிக்கு.

சன்னாசி அந்த வாரத்துல மட்டும் ரெண்டு தடவ முறைய விட்டுட்டான். மூணாவது தடவையும் விட்டா வரிசையில எடமே கெடையாதுன்னு ஸ்டாண்டுக்காரங்க கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க. காலையில ஆறரை மணி. பத்து பொம்பளைங்க தூக்குவாளியோட ஏறி நெருக்கிக்கிட்டு உக்காந்தாச்சு. எல்லாரும் மேல ஏலத்தோட்டத்துக்குப் போறவங்க. எட்டு மணிக்கு எஸ்டேட்டுல பேரு கூப்புடுவாங்க. அதுக்கப்புறம் போனா அன்னைக்கு வேலை இல்ல, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

சன்னாசி ஸ்டார்ட்டர மிதிச்சான். வண்டி ரெண்டு இருமு இருமிட்டு அடங்கிருச்சு.

மெக்கானிக்கு மீரான் ராவுத்தரு பானட்டத் தூக்கி ஒரு பார்வை பாத்தாரு. "டிஸ்ட்ரிபியூட்டரு தேஞ்சு போச்சு சன்னாசி. தண்டு என்னா ஆட்டம் ஆடுது பாரு. மாத்தணும்னு ஒரு மாசமா சொல்றேன்."

"புதுசு சீட்டுக்கு அடியிலதான் கெடக்கு ராவுத்தரே. மாட்டுங்க."

"அரை மணி நேரம் ஆகும்."

அந்த அரை மணி நேரம் அவரு வாயிலருந்து வந்து விழுறதுக்குள்ள, பின்வண்டி ஒச்சப்பன் ஆரன அமுக்கிட்டான். "எறங்கி வாங்க தாயி! நம்ம வண்டி ரெடியா நிக்கிது!"

சுருளியம்மா தூக்குவாளிய எடுத்துட்டா. அந்தக் கூட்டத்துக்கே அவதான் வாயி. அவ எறங்குனா மத்த ஒம்பது பேரும் எறங்கிருவாங்க. சன்னாசி கலங்கிட்டான். ஆனா வாயி கலங்கல. அது என்னைக்கும் கலங்குனதில்ல.

"எறங்கு மதினி, தாராளமா எறங்கு," சீட்டுல திரும்பி உக்காந்துக்கிட்டான். "ஆனா இந்த டிஸ்ட்ரிபியூட்டரு எப்புடித் தேஞ்சுச்சுன்னு தெரியாமப் போறியே, அதான் வருத்தம்."

"அது என்னா எழவு?"

"பந்தி விசாரிக்கிற ஆளு மாதிரின்னு வச்சுக்க. இஞ்சினுக்குள்ள நாலு எலை போட்டிருக்கு. நாலுக்கும் முறை தப்பாம நெருப்பப் பரிமாறணும். அதான் இவன் வேலை. என் ஆளு பரிமாறுன நெருப்பு சாதாரண நெருப்பா? ஒரு ஐப்பசி மாசம், ஒம்பதாவது வளைவுல லைட்டு ரெண்டும் அவுட்டு. அடை மழை. என்னா செஞ்சேன்? பானட்டக் கழட்டி மேல கட்டிட்டேன். இந்தத் தீப்பொறி வெளிச்சத்துலயே மேல ஏறிட்டேன். எதிர்த்தாப்புல வந்த பஸ்ஸுக்காரன் கண்ணு கூசி, 'அண்ணே, டிம் அடிங்கண்ணே'ங்குறான்!"

"மழையில நனைஞ்சா அணைஞ்சுறாது?"

"மழை எங்க நனைச்சுச்சு? வண்டிக்கு மேல பத்தடியிலயே தண்ணி ஆவியாப் போயிருச்சு. வளைவு வளைவா நான் போறேன், பின்னாடியே ரோடு காஞ்சுக்கிட்டு வருது. ஒரு வீட்டுக்காரம்மா ஓடியாந்து வத்தலே காயப்போட்டுருச்சு."

நாலஞ்சு பேரு சிரிச்சுட்டாங்க. சுருளியம்மா சிரிக்கல. ஆனா வாளியக் கீழ வச்சுட்டா. ராவுத்தரு மூடியக் கழட்டுனாரு. உள்ள சுத்துற ரோட்டரு முள்ளு எந்தப் பக்கம் பாத்து நிக்கிதோ, அங்க சாக்பீசால இஞ்சின்ல ஒரு கோடு இழுத்தாரு. புதுசையும் அதே பக்கம் பாத்து நிறுத்தணுமே, அதுக்கு. பழசைப் பையப் பைய மேல உருவுனாரு.

"ஏய் சன்னாசி," ஒச்சப்பன் எறங்கி வந்து கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னான். "அந்த வெளிச்சத்துல ஆனை கீனை வரலையா?"

அவன் கிண்டலாத்தான் கேட்டான். சன்னாசி அதைக் கை நீட்டி வாங்கி மடியில வச்சுக்கிட்டான்.

"நல்ல நேரத்துல ஞாபகப்படுத்துன மாப்ள. பன்னெண்டாவது வளைவுல ஒத்தக் கொம்பன், வழிய மறிச்சு நிக்கிது. வந்து பானட்டு இல்லாத இஞ்சின எட்டிப் பாக்குது. பாத்துட்டு, தும்பிக்கைய நீட்டி பிளக்கு வயரப் புடிச்சுருச்சு."

"அய்யய்யோ!"

"நான் அசரல. வரட்டும்னு இருந்தேன். நல்லா இறுக்கிப் புடிச்சுருச்சுன்னு தெரிஞ்ச ஒடனே ஸ்டார்ட்டர இப்புடி ஒரு மிதி—"

மிதிச்சே புட்டான். நெசமாவே. சன்னாசிக்கு நடிப்புன்னா கை மட்டும் நடிக்காது, காலும் நடிக்கும். இஞ்சினு கடகடன்னு ஒரு சுத்து சுத்தி நின்னுச்சு.

"அடப்பாவி!" ராவுத்தரு பானட்டுக்கு அடியிலருந்து துள்ளி எந்திரிச்சாரு. ஒரு கையில பழசு, ஒரு கையில புதுசு. "டிஸ்ட்ரிபியூட்டரு வெளிய இருக்கையில இஞ்சினச் சுத்தலாமாய்யா? நான் போட்ட கோடு இனி எதுக்காகும்? நாக்கு வழிக்கக்கூட ஆகாது! மொதல்லருந்து பாக்கணும். இன்னும் கால் மணி நேரம் சேத்துக்க."

வண்டிக்குள்ள சலசலப்பு. சுருளியம்மா வாளியோட எந்திரிச்சுட்டா. ஒரு காலு படியில. "போய்யா நீயும் ஒன் ஆனையும். எட்டு மணிக்குப் பேரு கூப்புட்டுருவாக. ஒச்சப்பா, வண்டிய எடு."

ஒச்சப்பன் மொகத்துல தீவாளி.

சன்னாசி சுருளியம்மா காலையே பாத்தான். மறுகாலும் படிக்கு வந்துருச்சு. இனி தரைதான். வரிசை போச்சு, ஸ்டாண்டு போச்சு. ஆனை, மழை எல்லாம் இதுக்குப் பத்தாது. இருக்குறதுலயே பெருசா ஒண்ண எடுத்தாத்தான் ஆச்சு.

"பேரு கூப்புடுறதப் பத்திப் பேசாத மதினி," சத்தத்தத் தாழ்த்திக்கிட்டான். "இதே டிஸ்ட்ரிபியூட்டரால ஒரே நாள்ல ரெண்டு தடவ பேரு கூப்புட்ட எஸ்டேட்டு இருக்கு. ரெண்டு நாள் வேலைன்னு எழுதுனாக."

சுருளியம்மா காலு அந்தரத்துல நின்னுச்சு. "எப்புடி?"

"மேல மூணு நாளாக் கரண்டு இல்ல. காய வைக்கிற ஸ்டோருல ஏலக்கா பச்சையா அழுகுது. மொதலாளி ஓடியாந்து, 'சன்னாசி, ஒன் கால்ல விழுறேன்'னாரு. விழுகாதீக, எனக்குக் கூச்சம்னு சொல்லிட்டு, நாலு வயரையும் நாலு பக்கம் இழுத்தேன். ஒண்ணு ஏலக்கா ஸ்டோருக்கு. ஒண்ணு மாவு மில்லுக்கு. ஒண்ணு கோயில் சீரியல் லைட்டுக்கு. நாலாவத என்னா செய்யுறதுன்னு தெரியல. சும்மா ஒரு மரத்துல கட்டுனேன்."

இதுக்குள்ள ராவுத்தரு ஒண்ணாம் நம்பர் பிளக்கக் கழட்டிட்டு, அந்த ஓட்டையில பேப்பரச் சுருட்டி அடைச்சாரு. பிஸ்டன் மேல வரும்போது காத்து முட்டிப் பேப்பரு பறக்கும். ஒண்ணாவது எலைக்கு நெருப்பு போக வேண்டிய நேரம் அதுதான். கம்பியப் போட்டு இஞ்சினக் கையாலயே சுத்துனாரு.

"மரத்துல கட்டுனா?" ஒச்சப்பன் கேட்டான். ஆரன மறந்துட்டான்.

"ஸ்டார்ட்டர மிதிச்சேன்."

"இப்ப மிதிக்காத!" பத்துப் பேரும் கத்துனாங்க.

"மிதிக்கல தாயி, வாயாலதான் சொல்றேன். டப்புன்னு ஒரு சத்தம்!"

சரியா அந்த நேரம் பேப்பரு டப்புன்னு பறந்து ஒச்சப்பன் நெத்தியில அடிச்சுச்சு. வண்டி முழுக்கச் சிரிப்பு. சுருளியம்மாவும் சிரிச்சுட்டா. சிரிச்ச வேகத்துல மறுபடி சீட்டுல உக்காந்துட்டா.

"மரம் பத்திக்கல. வெளிச்சமா நின்னுச்சு. வேரு வழியா அடுத்த மரம், அதுலருந்து அடுத்த மரம், மலை மொத்தமும் பளபளன்னு ஆயிருச்சு. ராத்திரி ரெண்டு மணி. சேவலெல்லாம் கூவுது. ஓவர்சியரு தடபுடலா எந்திரிச்சு, விடிஞ்சு போச்சுன்னு பேரு கூப்புட்டு வேலைக்கு அனுப்பிட்டாரு."

"சூரியன் வந்தா தெரிஞ்சுறாது?"

"வந்துச்சே! ஆறு மணிக்குக் கெழக்கால தலையத் தூக்கிப் பாத்துச்சு. ஏற்கனவே விடிஞ்சு கெடக்கு. 'ஐயய்யோ, நம்ம முறைய எவனோ எடுத்துட்டான்டா'ன்னு வந்த வழியே திரும்பிப் போயிருச்சு."

"சூரியனுக்கே முறை போச்சா?" ஒச்சப்பன் வண்டிக்குள்ள தலைய நீட்டுனான்.

"போச்சு மாப்ள. வரிசையில கடைசியாப் போய் நின்னுச்சு. நெலா, நட்சத்திரம் எல்லாம் கெளம்புன பெறகுதான் அதுக்கு முறை. அது வந்தப்ப மறுபடி ஒரு தடவ பேரு கூப்புட்டாக. அன்னைக்குத் தேஞ்சதுதான் இந்தத் தண்டு. வயசாகித் தேஞ்சதில்ல தாயி, ஒழைச்சுத் தேஞ்சது!"

"மிதி இப்ப!" புதுசை எறக்கி முடுக்கி, மூடியையும் மாட்டிட்டு ராவுத்தரு கத்துனாரு.

சன்னாசி கண்ண மூடிக்கிட்டு மிதிச்சான். வண்டி ஒரே மிதியில சீறிப் புடிச்சுக்கிருச்சு. நாலு எலைக்கும் சுடச்சுடப் பந்தி. பத்து பேருல ஒருத்திகூட எறங்கல. முறை சன்னாசிக்குத்தான்.

ராவுத்தரு பானட்டச் சாத்துனாரு. ஒச்சப்பன் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தன் வண்டிக்கு நடந்தான். சன்னாசிக்கு நெஞ்சு முட்டுக்கும் பெருமை. கண்ணாடியில பின்னாடி பாத்தான்.

"யாராச்சும் நம்பாதவுக இருக்கீகளா? இருந்தா இப்பவே சொல்லிருங்க."

கடைசி சீட்டுல காமுத்தாயின்னு ஒரு அம்மா. அதுவரைக்கும் வெத்தலைய மென்னுக்கிட்டே இருந்துச்சு. எட்டி வெளிய துப்பிட்டு வாயத் தொடச்சுச்சு.

"நான் நம்புறேன்ப்பா. ஆனையும் நெசம், சூரியனும் நெசம். நான் ஒண்ணு சொல்றேன், நீ நம்புவியா?"

"சொல்லு ஆத்தா."

"போன வருசம் ஒருநாள் இதே ஜீப்புல ஏறுனேன். பேரு கூப்புடுறதுக்கு முன்னாடியே மேல போய்ச் சேந்துட்டேன்."

சுருளியம்மா படீர்னு திரும்புனா. "ஏ ஆத்தா! புளுகுனாலும் பொருந்தப் புளுகு!"