கடைசியில் தெளிக்கும் தண்ணீர்

இந்தக் கதையில் வரும் குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சிஷ்யைக்கு நாற்பத்தாறு. குருவுக்குத் தாடியும் இல்லை, உட்கார்ந்து உபதேசிக்க மரத்தடியும் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு நாற்காலி போட்ட பியூட்டி பார்லர் இருந்தது. குரு சிஷ்யையை 'அக்கா' என்பார். சிஷ்யை குருவை 'மேடம்' என்பார். இதில் யார் பெரியவர் என்று வருகிறவர்கள் குழம்புவது உண்டு. அவர்கள் இருவரும் குழம்பியதில்லை.

குருவின் பெயர் பியூலா. சுருட்டை முடியைச் சூட்டில் இளக்கிவிடுவதில் அந்த ஊரில் அவருக்கு இணை கிடையாது. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று தோன்றலாம். நேரில் பார்த்தவர்களுக்குத் தோன்றாது. சீப்பு உள்ளே போக மறுக்கிற அடர்ந்த சுருளை முதலில் ட்ரையர் காற்றில் ஈரம் துளியும் இல்லாமல் காயவைப்பார். பிறகு சூடு தாக்காமல் இருக்க நுனிவரை கிரீம் தடவுவார். சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து, முன்னால் சீப்பும் பின்னால் முடியை இடுக்கித் தேய்க்கிற சூடான மிஷினுமாக ஒரே ஓட்டம் விடுவார். ஒரு கற்றைக்கு ஒரு முறைதான். இரண்டாம் முறை அவர் கை அந்த இடத்துக்குப் போகாது.

காதோரம் நெருக்கிச் சுருண்டு கிடந்த முடி தோளுக்கு இறங்கி, பெரிய பெரிய வளைவாக அசையும். அது நேராகிவிடாது. நேராக்க வேண்டும் என்று அவர் நினைத்ததும் இல்லை. வேலை செய்யும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். தூங்குகிற குழந்தையிடமிருந்து கையை உருவி எடுக்கிற தாயின் முகம் அப்படித்தான் இருக்கும்.

"முடியைக் கொஞ்சம் சரி பண்ணிவிடுங்க" என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் படியேறி வருவார்கள். இதில் என்ன தப்பு இருக்கிறது என்று பியூலா கேட்பார். கிண்டலாகக் கேட்பதில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்பார். வந்தவர்கள் கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பார்கள். பியூலாவுக்கே நல்ல சுருட்டை முடி.

சிஷ்யையின் பெயர் வடிவு. இருபத்திரண்டு வருஷம் இஸ்திரி போட்டவர். பார்லரின் துண்டுகளையும் அவர்தான் வெளுத்துத் தேய்த்துக் கொடுப்பார். ஒருநாள் மூட்டையோடு வந்தவர், பியூலா ஒரு கல்லூரிப் பெண்ணின் தலையில் வேலை செய்வதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். இடுப்பில் இருந்த மூட்டையை இறக்கவும் மறந்துபோனார். அந்தப் பெண் எழுந்து போனதும், எனக்கும் இதைச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டார்.

பியூலா அவர் கையை வாங்கிப் பார்த்தார். சூடு பட்டுப் பட்டுக் காய்த்துப்போன விரல்கள்.

"சூட்டுக்குப் பயப்பட மாட்டீங்க. அது நல்லதுதான் அக்கா. கஷ்டமும் அதுலதான் இருக்கு."

வடிவுக்கு இதில் பாதிதான் விளங்கியது. சேர்த்துக்கொண்டார்கள் என்பது மட்டும் முழுதாக விளங்கியது. மறுநாளே வந்துவிட்டார்.

ஆறு மாதம் தலை அலசினார், சிக்கெடுத்தார், கற்றை பிரித்தார். ஒரே ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்: மிஷினை எத்தனையில் வைக்க வேண்டும்? அதில் சூட்டைக் காட்டும் எண்கள் இருந்தன. பியூலா ஒரு தலைக்கு ஓர் எண் வைப்பார். அடுத்து வருகிற, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் தலைக்கு வேறோர் எண் வைப்பார். வடிவுக்கு எரிச்சலாக வரும். பருத்திக்கு இவ்வளவு, பட்டுக்கு இவ்வளவு என்று தெரிந்துகொண்டால் ஆயுசுக்கும் கவலை இல்லாத தொழிலிலிருந்து வந்தவர் அவர்.

ஒருநாள் மதியம் வாடிக்கையாளர் யாரும் இல்லாதபோது, பியூலா தானே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மிஷினை வடிவு பக்கம் நீட்டினார். வடிவு பின்வாங்கினார். மூலையில் பழகுவதற்கென்று வைத்திருந்த பொம்மைத் தலையில் பழகிக்கொள்கிறேனே என்றார்.

"பொம்மைக்கு வலிக்காது. உங்களுக்குப் பழக்கம் வராது. என் தலையில செய்யுங்க."

வடிவு நெற்றியோரம் ஒரு கற்றையை எடுத்தார். மிஷினை ஓட்டினார். சுருள் கொஞ்சம் இளகியது, ஆனால் படியவில்லை. இன்னொரு முறை ஓட்டினார். அப்போதும் படியவில்லை. அதற்கப்புறம் நடந்ததை வடிவு செய்தார் என்று சொல்ல முடியாது, அவருடைய கை செய்தது. படியாத துணியைப் பார்த்தால் அந்தக் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். பக்கத்தில் இருந்த தண்ணீரைத் தொட்டுக் கற்றையின் மேல் சட்டென்று தெளித்து, மிஷினை வைத்து அழுத்திப் பிடித்தது.

சுர்ரென்று ஒரு சத்தம். வெள்ளையாக ஆவி எழும்பியது. கருகிய வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

கற்றை படிந்துவிட்டது. ஒரு நொடி வடிவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பியூலா எழுந்து போய்த் தலையை அலசிவிட்டு வந்தார். தலையெல்லாம் பழையபடி சுருண்டுகொண்டது. நெற்றியோரம் அந்த ஒரு கற்றை மட்டும் விளக்குமாற்றுக் குச்சியாக நீட்டிக்கொண்டு நின்றது.

வடிவு அழுதுவிட்டார். நான் துணிக்கே போகிறேன் மேடம் என்றார். பியூலா கண்ணாடியில் அந்தக் கற்றையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கோபம் இருந்ததா என்றால், இருந்தது. கொஞ்ச நேரம் ஆயிற்று அது போவதற்கு. பிறகு கேட்டார்.

"நீங்க தேச்சுக் கொடுத்த துணி மறுபடி சுருங்கிட்டா என்ன சொல்வாங்க?"

"வேலை சரியில்லம்பாங்க."

"இங்க மறுபடி சுருளலன்னாதான் அப்படிச் சொல்லணும்."

வடிவு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணிய முன்னாடி தெளிச்சுட்டீங்க அக்கா. கடைசியில தெளிக்கணும்."

அப்போதுதான் வடிவுக்கு ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு வேலை முடிவிலும், பியூலா பிடரியில் ஒரு சின்னக் கற்றையை எடுத்து ஈர விரலால் தொடுவார். அது சட்டென்று சுருண்டு மேலே ஏறும். அதைப் பார்த்த பிறகுதான் "முடிஞ்சுது" என்று சொல்வார். ஆறு மாதமாக இதை வடிவு தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மேடம் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பிள்ளை, ஏதோ ஜெபம் பண்ணித் தண்ணீர் தொட்டு வைக்கிறார் என்று நினைத்து, அந்த நேரத்தில் பயபக்தியோடு தானும் கண்ணை மூடிக்கொள்வார். வடிவு இதைச் சொல்லக் கேட்டதும் பியூலா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வடிவும் அழுதுகொண்டே சிரித்தார்.

பியூலா அந்தக் கற்றையை வெட்டவில்லை. அடிமுடி வளர்ந்து சுருளாக வர வர, கருகிய பாகம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. புது ஸ்டைலா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவார். யார் செய்தது என்று ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. குருமார்களின் பெருமை என்று எவ்வளவோ கேள்விப்பட்டிருக்கிறேன், எனக்கு இது போதும்.

அதற்குப் பிறகு வடிவு எண்ணைக் கேட்பதை விட்டுவிட்டார். ஒரு வருஷத்தில் அவர் கை எவ்வளவு மென்மையாகிவிட்டது என்றால், வாடிக்கையாளர்களில் சிலர் அவரையே கேட்டு வரத் தொடங்கினார்கள்.

அப்படி இருக்கையில் உலகம்மை வந்தாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிற டீச்சர். கூடவே அவள் அம்மா. அன்று மாலை நிச்சயதார்த்தம், அடுத்த மாதம் கல்யாணம். இன்றைக்கு நன்றாக வந்தால் கல்யாண மண்டபத்துக்கும் உங்களையே கூப்பிடுகிறோம் என்று அந்த அம்மா முன்பே சொல்லியிருந்தார். அப்படிக் கூப்பிட்டால் வடிவு அக்காதான் தனியாகப் போய்ச் செய்வார் என்று பியூலாவும் வாக்குக் கொடுத்திருந்தார்.

வடிவுக்கு அது சின்ன விஷயம் இல்லை. துணி தேய்த்த கையால் பெண்ணின் தலையைத் தேய்க்கப் போகிறாளாம் என்று தெருவில் ஒன்றரை வருஷமாகச் சிரித்தார்கள். உலகம்மை வீட்டுக்கும் அதே தெருதான்; அந்தத் தெருவே வந்து உட்காரப் போகிற மண்டபம் அது. அங்கே மணப்பெண்ணின் பின்னால் சீப்போடு நிற்க வேண்டும். மூன்று நாளாக வடிவுக்கு வேறு நினைப்பே இல்லை.

உலகம்மையின் முடி மிக நெருக்கமான சுருள். வடிவு இரண்டு மணி நேரம் நின்றார். காயவைத்தார், கிரீம் தடவினார், கற்றை கற்றையாக இறக்கினார். ஒரு கற்றைக்கு ஒரே ஓட்டம். முடிந்தபோது அந்தப் பெண்ணின் முதுகு நிறைய முடி அலையலையாகப் புரண்டது. உலகம்மை கண்ணாடியைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பியூலாவே வேலையை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தார்.

வடிவு பிடரியில் ஒரு கற்றையை ஈர விரலால் தொட்டார். அது துள்ளிச் சுருண்டது.

உலகம்மையின் அம்மா பதறிவிட்டார். தண்ணீர் பட்டால் போய்விடுமா என்றார். தலைக்குக் குளித்தால் பழையபடி ஆகிவிடும், அப்படித்தான் ஆக வேண்டும் என்று வடிவு சொன்னார். அந்த அம்மா அவரைத் தனியே கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினார். மாப்பிள்ளை வீட்டில் பெண்ணின் முடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்களாம். கல்யாணத்துக்குள் இன்னும் நாலு தடவை வந்து போவார்களாம். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வேறெங்கோ ஒரே தடவை தேய்த்தது, எத்தனை தடவை குளித்தும் இன்னும் நேராகவே நிற்கிறதாம்.

"அதே மாதிரி நல்லா அழுத்தி விடுங்க. கல்யாணமும் உங்களுக்குத்தான்."

அடுத்த வீட்டுப் பெண்ணின் தலையில் நிற்பது என்ன என்று வடிவுக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மாவின் பயமும் அவருக்குத் தெரிந்தது. பெண்ணைப் பெற்றவர்களின் பயம் அது. வடிவு பியூலாவைப் பார்த்தார். பியூலா முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். இந்தப் பேச்செல்லாம் காதில் விழாத தூரம் இல்லை அது. அவர் திரும்பவில்லை.

மிஷின் சூடாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே தண்ணீரும் இருந்தது. கற்றைக்கு இரண்டு அழுத்து அழுத்தினால் போதும்.

வடிவு மிஷினை அணைத்தார். சுவிட்சிலிருந்து வயரையும் பிடுங்கிச் சுற்றி வைத்தார்.

"இதுக்கு மேல எனக்குச் செய்யத் தெரியாதும்மா."

பச்சைப் பொய். அந்த ஊரில் அதை அவரைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்த வேலையைத் தெரியாது என்று சொல்வதற்கு எவ்வளவு தேர்ச்சி வேண்டும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

உலகம்மையின் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. செய்யத் தெரிந்தவர்களாகப் பார்த்துக் கல்யாணத்துக்குச் சொல்லிக்கொள்கிறோம் என்றார். உலகம்மை பிடரியில் சுருண்டிருந்த அந்தக் கற்றையை விரலால் இழுப்பதும் விடுவதுமாக உட்கார்ந்திருந்தாள். அம்மா இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள். இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

வடிவு காலியான நாற்காலியில் உட்கார்ந்தார். பியூலா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலையே, மேடம்."

"நீங்க சொல்லிட்டீங்கள்லா."

வடிவு தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்தது. மண்டபம் நினைப்பில் வந்தது.

"அவங்க திரும்பி வரலன்னா?"

பியூலா கீழே குனிந்து, தரையில் கிடந்த ஒரு கொண்டை ஊசியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"முடி திரும்பி வரும்லாக்கா."