காத்தாயி திங்கிற பச்சிலை

இலுப்பக்காட்டுல மொக்கையன்னு ஒரு கிழட்டுக் கரடி இருந்துச்சு. தெனமும் விடிஞ்சதும் குளத்த ஒரு சுத்து நடக்கும். சும்மா நடக்காது. ஊரக் கூட்டிக்கிட்டே நடக்கும்.

"பாத்துக்கங்கப்பா! இந்த வயசுலயும் மொக்கையன் நடக்குறான்! நல்லாப் பாத்துக்கங்க!"

அசந்து தூங்குற தவளகூட எந்திரிச்சுப் பாத்துட்டுத்தான் திரும்பப் படுக்கும்.

ஒரு சுத்து முடிஞ்சதும் நேரா இலுப்ப மரத்தடிக்கு வரும். தொப்புனு உக்காரும். அவ்வளவுதான்! பொழுது சாயுற வரைக்கும் ஆணி அடிச்ச மாதிரி அங்கேயே இருக்கும். லேசா அசஞ்சாப் போதும், மருமக பவளம் ஓடி வந்துரும்.

"மாமா! எந்திரிக்காதீங்க! என்ன வேணும்? நான் கொண்டாறேன்!"

தேனு வரும். இலுப்பப்பூ வரும். கரையான்கூட புத்தோட வரும். முதுகு அரிச்சா சொறிஞ்சு விடவும் பவளம்தான். வயசான மாமனார எந்திரிக்க விட்டா காடு ஒரு மாதிரி பேசுமாம்!

இதுல ஒரு சிக்கல். சித்திர பொறந்தா குளம் வத்திப்போகும். அப்புறம் குடிக்கத் தண்ணி வேணும்னா மலை உச்சியில இருக்குற சுனைக்கு ஏறித்தான் ஆகணும். போன வருசமே மொக்கையன் பாதி மலையில நாக்குத் தள்ளி விழுந்துச்சு. முட்டித் தள்ளி மேல ஏத்துறதுக்குள்ள நாலு காட்டெருமைக்கு இடுப்பு போச்சு.

"அடுத்த வருசம் எங்களால ஆகாது பெருசு. நீயா ஏறுனா தண்ணி. இல்லைன்னா கீழயே கெட"ன்னு எருமைங்க சொல்லிருச்சு.

சித்திரைக்கு இன்னும் ரெண்டே மாசம்தான் இருந்துச்சு.

அந்தக் காட்டுல கொண்டையன்னு ஒரு மரங்கொத்தி. மரத்துல காத வச்சே உள்ள புழு இருக்கா, பொக்கையான்னு சொல்லிரும். அதே காத எல்லாரு நெஞ்சுலயும் வைக்கும். யாரும் கூப்பிடணும்னு அவசியமில்ல. அதுவா வந்து வைக்கும்.

ஒரு நாள் மொக்கையன் நடந்து முடிச்சு உக்காந்த நேரம், நெஞ்சுல வந்து ஒட்டிக்கிச்சு.

"அண்ணே, பேசாதீங்க... லொடக்கு... லொடக்கு... புஸ்ஸ்ஸ்! என்னண்ணே இது? பாரம் ஏத்துன கட்டவண்டி மேட்டுல ஏறுற மாதிரில்ல கேக்குது!"

"எறங்குடா கீழ! நான் தெனம் நடக்குறவன்டா!"

"அதான்ணே எனக்கும் வெளங்கல! நடக்குற நெஞ்சு இப்படிச் சத்தம் போடலாமா?"

நேரா காத்தாயி கிட்ட பறந்துச்சு. காத்தாயி ஒரு கிழட்டுக் கீரி. அதுவும் மொக்கையனும் ஒரே மழைக்காலத்துல பொறந்ததுங்க. காத்தாயி குளத்த ஒரு நாளும் சுத்துனது கெடையாது. கொண்டையன் அதோட நெஞ்சுல காத வச்சுச்சு. டிக்கு டிக்கு டிக்கு! கல்யாண மோளம் மாதிரி ஒரே சீரா அடிச்சுது.

கொண்டையனுக்கு மண்ட கொடஞ்சுச்சு. நடக்குறவருக்கு இரைக்குது. நடக்காத அக்கா வருசா வருசம் மலைய லேசா ஏறிருது. இது எப்படி?

தெரிஞ்சுக்காம அதால இருக்க முடியல. ரெண்டு பட்டுப்போன மரத்தப் பாத்துச்சு. ஒண்ணு மொக்கையனுக்கு, ஒண்ணு காத்தாயிக்கு. யாரு உக்காந்த எடத்த விட்டு எந்திரிச்சாலும் அவங்க மரத்துல டொக்குனு ஒரு ஓட்ட. அன்னிக்குப் பூரா இங்கயும் அங்கயும் பறந்து பறந்து கொத்துச்சு.

பொழுது சாஞ்சதும் எண்ணிப் பாத்துச்சு. மொக்கையன் மரத்துல நாலு ஓட்ட. காலையில நடக்க ஒண்ணு. ஒதுங்கப் போக ஒண்ணு. வெயில் பட்டதும் நெழலுக்கு நகர ஒண்ணு. குகைக்குப் போக ஒண்ணு. காத்தாயி மரத்துல அறுபத்து மூணு! மரமே இடியாப்ப அச்சு மாதிரி ஆயிருச்சு.

"அண்ணே, கண்டுபிடிச்சிட்டேன்! நீங்க ஒரு தடவ நடந்துட்டு நாள் பூரா உக்காந்துடுறீங்க. காத்தாயி அக்கா உக்காந்தா உடனே எந்திரிக்குது. அதான் விசயம்!"

மொக்கையன் வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சுது.

"போடா கொண்ட மண்டையா! எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா நெஞ்சு நல்லாயிருமா? அவ திருட்டுத்தனமா ஏதோ பச்சிலை திங்கிறாடா! யாருக்கும் சொல்ல மாட்டேங்குறா!"

கொண்டையனுக்கு ஒரு யோசனை வந்துச்சு. தலைய ஒரு பக்கமா சாச்சு, கண்ண உருட்டுச்சு.

"அட, ஆமாண்ணே! இருக்கும்! ஆனா அக்கா எந்த நேரத்துல திங்குதோ? கண்ண எடுக்காமப் பாத்தாத்தான் புடிக்க முடியும்."

"பாக்குறேன்டா! விடுவனா?"

மறுநாள் குளத்த ஒரு சுத்து நடந்து முடிச்சதும் மொக்கையன் இலுப்ப மரத்தடிக்குப் போகல. காத்தாயி பொந்துக்குப் பக்கத்துல ஒரு புதருக்குள்ள போயி ஒளிஞ்சுச்சு. பாதி ஒடம்பு உள்ள, மீதி வெளிய.

காத்தாயி உக்காந்துச்சு. 'அப்பாடா'ன்னு மொக்கையனும் உக்காந்துச்சு. எங்கயோ சருகு சரசரத்துச்சு.

"ஏ, அதென்ன சத்தம்?"

காத்தாயி எந்திரிச்சு ஓடிச்சு. அதுக்கு எதையும் எட்டிப் பாக்காம இருக்க முடியாது. ஓணான் தும்முனாக்கூட போயி என்னன்னு கேக்கும்! மொக்கையன் 'ஸ்ஸ்ஸ்... யம்மாடி'ன்னு முட்டியப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் பின்னாலயே போச்சு. வெறும் சருகு. காத்தாயி திரும்பி வந்து உக்காந்துச்சு. மொக்கையனும் உக்காந்துச்சு. எறும்பு வரிச போச்சு.

"அடி ஆத்தி, எங்க போறீங்க எல்லாரும்?"

மறுபடி எந்திரிச்சிருச்சு.

"இவளுக்கு உக்காருற எடத்துல முள்ளு இருக்கா?"ன்னு மொக்கையன் முனகிக்கிட்டே நடந்துச்சு.

பவளம் தேனடையோட தேடி வந்துச்சு. "மாமா! ஏன் எந்திரிச்சீங்க? யாராவது பாத்தா என்னைய என்ன நெனைப்பாங்க?"

"உஸ்ஸ்ஸ்! கத்தாத! தேன அந்தப் பாறையில வை. நானே வந்து எடுத்துக்குறேன்."

"நீங்களே எடுக்குறதா? ஐயய்யோ!"

"போ தாயி! அங்க பாரு, அவ எதையோ மெல்லுறா!"

பாஞ்சு போயி பாத்துச்சு. வெட்டுக்கிளி! எதுக்கும் இருக்கட்டும்னு மொக்கையனும் ஒண்ணு புடிச்சு மென்னு பாத்துச்சு. 'த்தூ'ன்னு மூஞ்சிய அஷ்ட கோணலா ஆக்குச்சு. இன்னொரு நாள் காத்தாயி ஒரு தும்பச் செடிய மோந்து பாத்துச்சு. அவ போனதும் மொக்கையன் அந்தச் செடிய வேரோட தின்னுருச்சு. நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகல. வயித்துக்குத்தான் நல்லா ஆச்சு. அன்னிக்கு மட்டும் எட்டுத் தடவ அவசரமா எந்திரிச்சு ஓடிச்சு!

பத்து நாள் ஆச்சு. இருபது நாள் ஆச்சு. ஒரு மாசமும் போச்சு. பச்சிலை மட்டும் ஆப்புடல.

மத்தியானம் தின்னதும் மொக்கையனுக்குக் கண்ணு சொருகும்ல? அது காணோம். காத்தாயி தின்னுட்டு நாலு எட்டு நடக்கும்போது இதுவும் நடந்தாகணுமே, எங்கிட்டுத் தூங்குறது? காலு வீக்கம் வத்திருச்சு. எந்திரிக்கும்போது வந்த 'யம்மாடி'யும் போயிருச்சு. மொக்கையனுக்கு இதெல்லாம் எங்க தெரிஞ்சுச்சு! அதோட கண்ணு பூரா காத்தாயி வாய் மேலயே இருந்துச்சு.

சித்திர பொறந்துச்சு. குளம் பாளம் பாளமா வெடிச்சுது. எல்லாரும் மலை ஏறக் கெளம்பிட்டாங்க.

எருமைங்க மொக்கையனப் பாத்துட்டு, எங்க நம்மளக் கூப்பிட்டுருமோன்னு வேகமா முன்னால போயிருச்சுங்க. பவளம் மட்டும் அழுதுகிட்டே பின்னால வந்துச்சு.

"மாமா, முடியலைன்னா சொல்லுங்க. இலையில தண்ணி அள்ளிக்கிட்டு நான் எறங்கி வர்றேன்."

"பேசாம வா தாயி! இன்னிக்கு மலை ஏறணுமே, இன்னிக்குக் கண்டிப்பா அந்தப் பச்சிலைய திம்பா. நான் பாத்தே தீருவேன்!"

காத்தாயி ஏறுச்சு. ஒரு எட்டு தள்ளி மொக்கையனும் ஏறுச்சு. காத்தாயி வழுக்குப் பாறையத் தாண்டுச்சு. மொக்கையனும் தாண்டுச்சு. காத்தாயி மூச்சு வாங்க நின்னா மொக்கையனும் நின்னுச்சு. இரைக்கத்தான் செஞ்சுது. யாருக்குத்தான் இரைக்காது? ஆனா விழல. வெயில் உச்சிக்கு வர்றதுக்குள்ள ரெண்டும் சுனையில வாய வச்சிருச்சுங்க. எருமைங்க வாயில தண்ணி ஒழுக அப்படியே பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க.

மொக்கையன் வயிறு முட்டக் குடிச்சுது. வாயத் தொடச்சுது. அப்புறம் எகிறுச்சு.

"ஏ காத்தாயி! போதும் உன் நடிப்பு! ரெண்டு மாசமா ராப்பகலா பாக்குறேன். அந்தப் பச்சிலைய எப்பத்தான் திங்கிற?"

"எந்தப் பச்சிலை?"

"மலை ஏற வைக்குதே, அந்தப் பச்சிலை!"

காத்தாயி சிரிச்ச சிரிப்புல மீசையெல்லாம் ஆடுச்சு.

"யோவ் மொக்கையா! புதருக்குப் பின்னால இம்மாம் பெரிய கரடி ஒளிஞ்சா எனக்குத் தெரியாதா? இவன் எம்புட்டு நாளுதான் வர்றான்னு பாப்போம்னு நானும் கொஞ்சம் கூடவே அலையவிட்டேன்! சரி, அதெல்லாம் கெடக்கட்டும். நான் எதத் தின்னு ஏறுனேன்னு கேக்குறியே, நீ எதத் தின்னுய்யா ஏறுன?"

மொக்கையன் பாறை ஓரத்துக்குப் போச்சு. கீழ எட்டிப் பாத்துச்சு. அது நடந்து வந்த வழி பூரா, மரமும் பாறையுமா, தம்மாத்தூண்டு தெரிஞ்சுது.

காலையில நடக்குறத விடாதீங்க, ஆனா அதான் நடந்தாச்சேன்னு நாளெல்லாம் உக்காந்தும் கெடக்காதீங்க, ஏன்னா அடிக்கடி எந்திரிச்சு நாலு எட்டு வைக்கிறவங்களுக்குத்தான் வயசானாலும் நெஞ்சு ஒழுங்கா ஒத்துழைக்கும்.