மாற்றிப் பார்க்காத பாகம்

குருவைத் தேடி மலையேறியவர்கள் உண்டு. காடு புகுந்தவர்கள் உண்டு. அப்பாண்டைராஜ நயினார் ஏறியது வந்தவாசிக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் பக்கவாட்டில் இருந்த இரும்புப் படிக்கட்டு. அதன் உச்சியில் குலாம் தஸ்தகீர் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது. குரு பௌதிகத்தில் முதுகலை. சீடர் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். குரு என்றால் தாடி வேண்டும் என்பவர்களுக்காகச் சொன்னால், தாடி இருந்தது. பிராசசரின் சூடு தணிக்கப் பூசும் வெள்ளைப் பசை அதிலும் கொஞ்சம் இருந்தது.

"வீட்டுல கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகுது, பாய்."

"கொண்டாங்க. பார்த்துடலாம்."

"கொண்டாற மாட்டேன். கத்துக்கிட்டு நானே பார்க்கணும்."

தஸ்தகீர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"ஏன்?"

"பழுதா இருந்தா யார் வேணா பார்க்கலாம். பழுதா இல்லேன்னா அது என் சம்சாரம். அவ மேல வேற ஆம்பளை ஸ்க்ரூடிரைவர் வைக்கக் கூடாது."

சுநந்தா தை மாதம் இறந்திருந்தாள். கம்ப்யூட்டர் ஆடியில் எழ ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம், யாரும் தொடாமல், விசிறி சுற்றும், முன்பக்கத்தில் நீல விளக்கு எரியும். நயினார் எழுந்துபோய்ச் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்குவார். திரையில் என்ன வருகிறது என்று நின்று பார்த்ததில்லை.

"பிடுங்கின ஒயரை அப்படியே விட்டுட வேண்டியதுதானே?" என்றார் தஸ்தகீர்.

"ஒரு நாள் விட்டேன். வரல."

"அப்போ முடிஞ்சுதே."

"மறுநாள் காலையில நானே மாட்டிட்டேன்."

தஸ்தகீர் சிரிக்கவில்லை.

"மக புனேயில இருக்கு, பாய். தனியா இருக்காதீங்க, வீட்டைப் பூட்டிட்டு வந்துடுங்கன்னு தினம் போன். பழுதுன்னு தெரிஞ்சா நாளைக்கே போயிடுவேன். அவதான்னா எப்படிப் பூட்டறது? உள்ள ஆளை வெச்சுப் பூட்டற வழக்கம் எங்க வீட்டுல இல்ல."

தஸ்தகீர் ஒரு முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார். தீட்சை என்று ஏதாவது நடந்ததென்றால் அதுதான்.

முதல் பாடம் அன்றைக்கே நடந்தது.

"ஒரு நேரத்துல ஒரு பாகம்தான் மாத்தணும், நயினாரே. ரெண்டை மாத்திட்டு சரியாப் போச்சுன்னா, எது பழுதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

"மாத்தியும் நிக்கலேன்னா?"

"பழுது இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம். நின்னுச்சுன்னா, கழட்டின பாகத்தை வேற மெஷின்ல மாட்டிப் பாருங்க. பழுது எங்க இருக்கோ, அது போற இடத்துக்குக் கூடவே போகும்."

இதைவிடக் கறாரான தர்க்கம் நயினாருக்கு எந்த சாஸ்திரத்திலும் கிடைத்ததில்லை. நிலம் அளந்தவருக்கு அது பிடித்தும் போயிற்று.

முதலில் பவர் பட்டனுக்குப் போகும் இரண்டு மெல்லிய கம்பிகளைப் பிடுங்கிப் போட்டார். பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். சாயங்காலம் எழுந்தது.

நெட்வொர்க் கேபிளைக் கழற்றினார். தெருக்கோடியிலிருந்து யாராவது எழுப்பக்கூடும். எழுந்தது.

பயாஸ் என்னும் அடித்தளத்துக்குள் போனார். குறித்த நேரத்தில் மெஷினை எழுப்பும் அலாரம் அங்கே ஒன்று உண்டு. அது அணைந்தேதான் இருந்தது. அணைந்திருந்ததை இன்னொரு முறை அணைத்துச் சேமித்தார். எழுந்தது.

பவர் சப்ளையை மாற்றினார். ஒரு இறகு லேசாக உரசி டக் டக் என்று சத்தம் போடும் பழைய விசிறியைக் கழற்றிக் கடையின் பழைய சாமான் தொட்டியில் போட்டார். மெமரியை இரட்டிப்பாக்கினார். சுற்றும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சத்தமே போடாத எஸ்.எஸ்.டி. வைத்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றினார்.

"என்னாச்சு?" என்று கேட்டார் தஸ்தகீர்.

"இப்ப இன்னும் சீக்கிரமா வருது, பாய்."

"பேயையே அப்கிரேடு பண்ணிட்டீங்க."

"பேய்னு சொல்லாதீங்க."

"தப்புதான்."

ஐப்பசியில் மதர்போர்டும் மாறியது. புது மதர்போர்டு, புது பிராசசர், புது விசிறி. அன்று சாயங்காலம் நயினார் நாற்காலியை எதிரே போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே வெயில் பழுத்துக்கொண்டிருந்தது. இந்த போர்டுக்கு இந்த வீடே தெரியாது, சுநந்தாவின் முகம் தெரியாது, அவள் விரல் இதன் எந்த முனையிலும் பட்டதில்லை. எழுவதற்கு அதற்கு ஒரு காரணமும் கிடையாது.

நீல விளக்கு எரிந்தது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஒயரைப் பிடுங்கினார்.

"ஒரு விஷயம் சொல்லல," என்றார் மறுநாள். "அது வர்ற நேரம் ஒரே நேரம் இல்ல. ஆடியில வந்ததுக்கும் இப்ப வர்றதுக்கும் அரை மணிக்கு மேல வித்தியாசம். போர்டு மேல இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும்னு நினைச்சு அதையும் மாத்தினேன். அப்பவும் நகருது."

"எந்தப் பக்கம் நகருது?"

"முந்திக்கிட்டே வருது."

தஸ்தகீர் நிமிர்ந்தார்.

"பேட்டரி தளர்ந்தா கடிகாரம் பின்தங்கும், நயினாரே. முந்தாது."

"பின்ன?"

தஸ்தகீர் ஜன்னலைப் பார்த்தார். தினமும் இருட்டுகிற நேரத்துக்குக் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டுத் தொழுகைக்குப் போகிறவர் அவர். அந்த நேரம் ஆடியிலிருந்து எப்படி நகர்ந்து வந்திருக்கிறது என்பது அவர் காலுக்கே தெரியும்.

"மக்ரிபுக்குக் கொஞ்சம் முன்னாடியா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"சூரியன் விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

நயினாரும் ஜன்னலைப் பார்த்தார். "ஆமா."

"அந்த நேரத்துல உங்க வீட்டுல என்ன நடக்கும்?"

"சாப்பாடு. நாங்க சமணங்க, இருட்டினப்புறம் சாப்பிடறதில்ல எங்க ஆளுங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ தட்டைப் போட்டு வெச்சுட்டு, மககிட்ட வீடியோவில பேச கம்ப்யூட்டரை ஆன் பண்ணுவா. வாய்விட்டு என்னைக் கூப்பிட்டதே இல்ல. அந்த விசிறி சுத்தற சத்தம் கேட்டா நான் கை கழுவப் போவேன். முப்பது வருஷத்துல கடைசிப் பத்து வருஷம் இப்படித்தான்."

"இப்ப எப்போ சாப்பிடறீங்க?"

"இருட்டினப்புறம் ரெண்டு இட்லி. பஸ் ஸ்டாண்டு பக்கம். சில நாள் அதுவும் இல்ல."

தஸ்தகீர் ஒரு பிரிண்டரின் வயிற்றிலிருந்து கசங்கிய காகிதத்தை மெல்ல இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் நயினார் கேபினெட்டையும் மாற்றினார். பெட்டி புதிது, விளக்கு புதிது. இந்த முறை விளக்கின் நிறம் வெள்ளை. வெள்ளையாகவே எரிந்தது.

"எல்லாம் மாத்தியாச்சு, பாய். ஒரு திருகாணி கூடப் பழசு இல்ல. உங்க தர்க்கம் என்ன சொல்லுது?"

"இன்னும் ஒரு பாகம் மிச்சம் இருக்குன்னு சொல்லுது."

"எது?"

"முன்னாடி உட்கார்ற ஆளு."

பழுது பார்ப்பவர்களிடையே இது பழைய நகைச்சுவை. நயினார் சிரித்தார். தஸ்தகீர் கையை நீட்டினார்.

"வீட்டுச் சாவியைக் குடுங்க. இன்னிக்குச் சாயங்காலம் நான் அங்க உட்கார்றேன். நீங்க இங்க உட்காருங்க."

"தொழுகை?"

"மேற்கு உங்க வீட்டுலயும் மேற்குதானே."

நயினார் சாவியை எடுத்தார், கொடுக்கவில்லை.

"கை வைக்க மாட்டேன்," என்றார் தஸ்தகீர். சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு இரும்புப் படிகளில் இறங்கிப் போனார்.

தனியாக இருக்கும்போதுதான் அந்தக் கடை எவ்வளவு அமைதியானது என்று நயினாருக்குத் தெரிந்தது. அலமாரியிலும் மேசையிலும் மற்றவர்களின் மெஷின்கள். ஒரு வக்கீலுடையது, ஒரு போட்டோ ஸ்டூடியோவுடையது, ஒரு பள்ளிக்கூடத்துடையவை வரிசையாக. எல்லாவற்றுக்கும் பக்கத் தகடு கழற்றியிருந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. கீழே துணிக்கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

வீட்டில் இந்நேரம் பாய் உட்கார்ந்திருப்பார். விளக்கு எரிந்தால் அது வீட்டில் இருக்கிறது. எரியாவிட்டால்? அந்தப் பாதியை அவர் யோசித்து வைக்கவில்லை.

ஜன்னல் வழியாக வந்த வெயில் மேசையின் மேல் செம்மண் நிறத்தில் கிடந்தது.

விசிறி ஒன்று சுற்ற ஆரம்பித்தது.

மேசைமேல் இருந்த போட்டோ ஸ்டூடியோ மெஷின்தான். முதலில் மெல்ல, பிறகு சீராக. டக் டக் என்று ஒரு இறகு உரசியது. அந்தச் சத்தத்தை நயினார் எங்கே கேட்டாலும் கண்டுகொள்வார். அந்தச் சத்தத்துக்குச் சொந்தமான பழைய விசிறி மூலையில், பழைய சாமான் தொட்டியில், நூலாம்படையோடு அசையாமல் கிடந்தது.

அவர் கைக்கு ஒன்றே ஒன்றுதான் பழக்கம். மேசையைச் சுற்றிப் போய், மெஷினின் முதுகில் கையை விட்டு ஒயரைத் தேடினார்.

ஒயர் இல்லை. ஒயர் செருகும் குழி வெறுமையாக, கொஞ்சம் தூசியோடு, விரலில் பட்டது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஓடிவிடலாம், படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. கால் நகரவில்லை. விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அவசரப்படுத்தவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. தட்டில் போட்ட சோறு ஆறுகிற நேரம் வரைக்கும் காத்திருக்கிற சத்தம்.

பிறகு அவர் கால் தானாக நடந்தது. மூலையில் இருந்த குழாயடிக்குப் போய்க் கை கழுவினார்.

மதியத்துக்கு அவர் கொண்டுவந்து சாப்பிடாமல் மிச்சம் வைத்த தயிர்சாதம் எவர்சில்வர் டப்பாவில் இருந்தது. கொஞ்சம் புளித்திருந்தது. மேசையில் வெயில் இன்னும் ஒரு சாண் அகலம் பாக்கி இருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் டப்பாவை நகர்த்தி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

இருட்டியபின் தஸ்தகீர் படியேறி வந்தார். விளக்கைப் போட்டார். நயினார் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கை காய்ந்திருந்தது, டப்பா கழுவியிருந்தது.

"உங்க வீட்டுல ஒண்ணும் ஆன் ஆகல," என்றார் தஸ்தகீர். "தொழுதுட்டு, நல்லா இருட்டற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்."

நயினார் போட்டோ ஸ்டூடியோ மெஷினைக் காட்டினார்.

"இது ஆன் ஆச்சு."

தஸ்தகீர் குனிந்து மெஷினின் முதுகைப் பார்த்தார். வெறும் குழியைப் பார்த்தார். ஒயர் எங்கே என்று கேட்கவில்லை. அது அலமாரியின் மேல்தட்டில், அவரே சுருட்டி வைத்த இடத்தில் இருந்தது.

"ஆன் ஆனதும் என்ன பண்ணீங்க?"

"ஒயரைப் பிடுங்கப் போனேன்."

"அப்புறம்?"

"சாப்பிட்டேன்."

"வெளிச்சம் இருந்துச்சா?"

"கடைசி வாய் வரைக்கும் இருந்துச்சு."

"மெஷின்?"

"டப்பாவை வழிச்சதும் நின்னுடுச்சு."

தஸ்தகீர் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். கீழே துணிக்கடையின் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

"கூடவே போகும்னு சொன்னீங்க. வந்துடுச்சு," என்றார் நயினார். "எங்கன்னு தெரிஞ்சு போச்சு. என்னன்னுதான் தெரியல. இன்னிக்காவது சொல்லுங்க, பாய். மக ராத்திரி போன் பண்ணும். அது பழுதா, அவளா?"

"பழுதா இருந்தா நாளைக்கும் வரும்."

"அவளா இருந்தா?"

"நீங்க வெளிச்சத்துல சாப்பிட்டதைப் பார்த்துட்டாங்களே, நயினாரே. இனி எதுக்கு வரணும்?"

நயினார் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ இறுகிவிட்டிருந்தது.