நரிக்குக் கொடுத்த கீழ்க்கரை

சொல்வதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று நீர்க்கோழிக்கு ஒரே படபடப்பு. குளத்தின் நடுத்திட்டில் பெரிய இடத்துப் பறவைகளின் மீன் விருந்து நடந்துகொண்டிருந்தது. விருந்து வைத்தவள் கூழைக்கடா அம்மாள்.

"அம்மா, வடகரையில் நரி புகுந்துவிட்டது! ஆள்காட்டிக் குருவியின் முட்டையெல்லாம் போயிற்று. அடுத்தது கீழ்க்கரைதான். என் கூடு அங்கேதான் இருக்கிறது. ஐந்து முட்டை!"

கூழைக்கடா முகம் சுளித்தாள். "நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டவரைப் பற்றி இங்கே யாரும் குறை பேசுவதில்லை. அதுதான் எங்கள் வழக்கம்!"

"நரியோடா சாப்பிட்டீர்கள்?"

"நான்தான் நேற்று வடகரைக்குப் போய்ச் சாப்பிட்டேன்," என்றார் நாரையார். "என்ன நாசூக்கு! வாயைத் துடைத்துக்கொண்டுதான் பந்தியிலேயே உட்கார்ந்தார்!"

"எதைத் துடைத்தார்? ஆள்காட்டியின் முட்டைக் கருவைத்தானே!"

"இவளுக்கு எதைப் பார்த்தாலும் முட்டைதான்!" என்று கொக்குகள் சிரித்தன.

"பயப்படாதே," என்றார் நாரையார். "கீழ்க்கரையை அவருக்கே கொடுத்துவிட்டேன். அதோடு போதும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்."

"வடகரையைப் பிடித்தபோதும் இதைத்தானே சொன்னார்!"

"அது வேறு, இது வேறு."

"ஐயோ! கீழ்க்கரை என்ன உங்களுடையதா, எடுத்துக் கொடுக்க? அங்கிருந்து இந்தத் திட்டுக்கு முழங்கால் தண்ணீர்தானே! உங்கள் குஞ்சுகளும் இங்கேதானே இருக்கின்றன!"

"விருந்தைக் கெடுக்காதே!" என்றாள் கூழைக்கடா.

நீர்க்கோழிக்கு அலுத்துவிட்டது. இவர்களிடம் இன்னும் எத்தனை முறை சொல்வது? நேரே கூட்டுக்குப் போனாள். அதைக் கரைக் கோரையோடு பிணைத்திருந்த தண்டுகளை ஒவ்வொன்றாகக் கொத்தி அறுத்தாள். மிதந்த கூட்டை நெஞ்சால் தள்ளித் தள்ளி, ஆழத்தில் அடர்ந்திருந்த அல்லிக் கொடிகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

மூன்றாம் நாள் நரி கீழ்க்கரையிலிருந்து நடந்தே திட்டுக்கு வந்தான். இந்த முறை வாயைத் துடைக்கவில்லை. பறக்கத் தெரியாத குஞ்சுகளை விட்டுவிட்டுப் பெரிய பறவைகள் அலறிக்கொண்டு மேலே எழும்பின.

"விருந்தாளி வந்த நேரத்தில் எல்லோரும் கிளம்பினால் எப்படி?" என்று நரி கேட்டான்.

கூழைக்கடா அழுதுகொண்டே நீர்க்கோழியின் தலைக்குமேல் வட்டமிட்டாள். "அடி பாவி! இதை முன்பே அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

நீர்க்கோழி ஐந்து முட்டைகளையும் வயிற்றுக்கடியில் இன்னும் நன்றாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்தவர் வீட்டைத் திருடனுக்குத் திறந்துவிட்டு நம் வீட்டைக் காப்பாற்ற முடியாது.