காக்கையாபுரத்துத் தண்ணீர்த் தொட்டி

காக்கையாபுரத்துக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அதுதான் தொந்தரவு.

அந்த ஊரில் குடிதண்ணீர் கிடையாது. பெண்கள் பக்கத்து ஊர் வரைக்கும் போய்க் குடம் சுமந்தார்கள். ஒருவழியாக, மேல்நிலைத் தொட்டி கட்ட இடம் பார்க்க இன்ஜினியர் ஸ்டெல்லா வந்தார். கையில் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி.

"இந்த வெளிச்சம் மண்ணில் பட்டுத் திரும்பும். அதை வைத்தே, ஈரம் பட்டால் இந்தக் களிமண் வீங்குமா என்று கருவி சொல்லிவிடும். வீங்கினால் தொட்டி சாய்ந்துவிடும். தொட்டி நிற்கப்போகிற இடத்து மண்ணை எடுத்துக் காயவைத்து வையுங்கள். அளக்கும்போது வேறு வெளிச்சம் படக்கூடாது. அடுத்த வாரம் வருகிறேன்" என்றார்.

அவர் போனதும் வார்டு மெம்பர் பலவேசம் கூட்டம் போட்டார்.

"எவ்வளவு மண்ணுன்னு சொல்லலையே, மச்சான்?" என்றார் சங்கையா.

"தொட்டி நிக்கப்போற இடத்து மண்ணுன்னாங்க. பாதியை விட்டுட்டுப் போனா, விட்ட மண்ணுக்கு மனசு நோகாதா?"

ஊரே சேர்ந்து வெட்டியது. அத்தனை மண்ணையும் சமுதாயக் கூடத்துக்குள் கொட்டினார்கள்.

"வெயில்ல காயப்போடுவோமா?" என்றார் சங்கையா.

"வேற வெளிச்சம் படக்கூடாதுன்னாங்கள்ல. சூரியன் வேற வெளிச்சந்தானே?"

ஜன்னலைச் சாத்திவிட்டு, இருட்டில் உட்கார்ந்து மண்ணுக்கு விசிறினார்கள். பலவேசத்தின் மனைவி இருளாயி கதவைத் திறந்து பார்த்தாள்.

"நான் பிள்ளை பெத்துக் கிடந்தப்ப ஒருநாளாவது விசிறினீங்களா?"

"கதவைச் சாத்து. வெளிச்சம் வருது" என்றார் பலவேசம்.

சொன்னபடி ஸ்டெல்லா வந்தார். குவியலைப் பார்த்துத் திகைத்தார்.

"ஒரு கிண்ணம் போதுமே."

"மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார் பலவேசம்.

ஸ்டெல்லா முதலில் கருவியை ஒரு வெள்ளைத் தட்டில் காட்டிச் சரிபார்த்தார். சங்கையாவுக்குத் தாங்கவில்லை.

"கை வலிக்க விசிறினது மண்ணுக்கு. முதல் மரியாதை தட்டுக்கா?"

பிறகு மண்ணில் காட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்ப வீங்குகிற மண். அந்த இடத்து மண் மொத்தத்தையும் தோண்டி எடுத்தால்தான் கட்ட முடியும். அவ்வளவு வேலைக்கு இப்போது வழியில்லை. தொட்டி பக்கத்து ஊருக்குத்தான் போகும்."

இருளாயியின் முகம் வாடிவிட்டது. பலவேசம் மட்டும் சிரித்தார்.

"தோண்டி எடுத்தாச்சும்மா. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தால் பெரிய பள்ளம். முந்தின நாள் பெய்த மழையில் விளிம்பு வரைக்கும் தண்ணீர்.

"தொட்டி தயார். தண்ணியும் ரொப்பியாச்சு" என்று பலவேசம் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டார். "இன்ஜினியரம்மா, நீங்க அடியில நாலு தூணு மட்டும் கொடுத்து மேல தூக்கிவிட்டாப் போதும்."