இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில்

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மாடியில், லேப்டாப் பழுது பார்க்கும் கடை. அங்கே குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தேழு.

குருவின் பெயர் ஆவுடை. சீடர் சுடலைமுத்து. முப்பது வருஷம் வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர். ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்பெலும்பு விரிசல் கண்டது. இனிமேல் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், உட்கார்ந்து செய்கிற வேலையைக் கற்க வந்தார். அவளைத் தாயி என்று கூப்பிடுவார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவளிடம் அவருக்கு ஒரே குறை. எது கேட்டாலும் பாதிக்கு மேல் பதில் சொல்லமாட்டாள்.

அன்று மதியம் இரண்டு மணிக்குப் படியில் ஒரு கைத்தடியின் சத்தம் கேட்டது. தட்டுகிற தட்டிலேயே ஆள் கோபமாக வருவது தெரிந்தது.

"வந்துட்டா," என்றார் சுடலைமுத்து. "முந்தாநாள்தான் ரெண்டு ஸ்பீக்கரையும் புதுசா மாத்திக் கொடுத்தேன். நேத்து வந்து சண்டை. இன்னைக்கும் சண்டை."

"கேட்டுச்சு அண்ணாச்சி," என்றபடி பியூலா உள்ளே வந்தாள். "என் காது வேலை செய்யுது. நீங்க மாட்டுன ஸ்பீக்கர்தான் செய்யல."

பியூலாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் செய்து கொடுப்பது அவள் தொழில். லேப்டாப்பை மேசைமேல் வைத்து, திறந்து, பதிவை ஓடவிட்டாள். கிராமத்துப் பெண் ஒருத்தி பேசினாள். குரல் மெலிந்து, பரந்து, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் வந்தது.

"கேக்குதுல்லா?" என்றார் சுடலைமுத்து.

"என்னமோ கேக்குது. குரல் கேக்கல."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா!"

"ஒண்ணா?" பியூலாவின் விரல் மேசையைத் தட்டியது. "சாயப்பட்டறைக் கழிவு இறங்கி ஒரு ஊருக் கிணறே கெட்டுப் போச்சு. பன்னிரண்டு பொம்பளைங்க சொன்ன சாட்சி இது. நாளைக்குக் காலைல விசாரணை. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள நான் டைப் பண்ணி வக்கீலுக்கு அனுப்பணும். புரியாத இடத்துல 'தெளிவில்லை'ன்னு போடணும், எங்க வேலைல அதுதான் முறை. முதல் ரெண்டு பக்கத்துல பதினொரு 'தெளிவில்லை' போட்டிருக்கேன். அவங்க தெளிவாத்தான் அண்ணாச்சி சொல்லியிருப்பாங்க. ஆனா நாளைக்கு அங்க அது சொல்லாத கணக்குத்தான்."

"அப்போ இயர்போன் மாட்டிக் கேளுங்க."

"காதுல சீழ். ஒரு மாசம் மாட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நேத்தே சொன்னேன். நீங்க ஸ்பீக்கரையே பாத்துட்டிருந்தீங்க."

சுடலைமுத்துவுக்கு முகம் சிவந்தது.

"இங்க பாருங்கம்மா. மூடி போடுததுக்கு முன்னால ஒண்ணொண்ணாச் சோதிச்சேன். இடது அருமை. வலது அருமை. பாட்டுப் போட்டேன், கடை முழுக்கப் பரவிச்சு. முப்பது வருஷத்துல என் ஒயரிங்ல ஒரு ஃபியூஸ் போனதா எவனும் சொன்னதில்ல. கண்ணு தெரியாதவங்களுக்குக் காது கூர்மைன்னு சொல்லுவாங்க. அதுக்காக இல்லாத குறையவா கேக்குறது?"

சொல்லி முடித்ததும் அவருக்கே கொஞ்சம் உறுத்தியது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"கூர்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் பியூலா. "உங்களுக்கு இருக்குத காதுதான். நான் கவனிக்கேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"நான் கவனிக்கலங்கீங்களா?"

"நான் சொல்லுததக் கொஞ்சம்..."

"நான் சொல்லுதத முதல்ல..."

இருவரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பதிவு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் எதையோ சொன்னாள், இருமினாள், மறுபடி சொன்னாள்.

ஆவுடை ஒரு கீபோர்டைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். சுடலைமுத்து அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க தாயி. யார் சொல்லுதது சரி?"

ஆவுடை பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பியூலாவின் லேப்டாப்பில் கீபோர்டின் இரு பக்கமும் இருந்த ஸ்பீக்கர் துளைகளில், வலது பக்கத்தை உள்ளங்கையால் மூடினாள்.

குரல் எழுந்து நின்றது. மேசைக்கு எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

பியூலா முன்னால் சாய்ந்தாள். "இதுதான்! என்ன செஞ்சீங்க?"

"ஒண்ண மூடினேன்."

"அதெப்படி?" என்றார் சுடலைமுத்து. "ரெண்டு வாயில ஒண்ண அடைச்சா சத்தம் குறையணும். இது கூடுதே!"

ஆவுடை வலது பக்கத்திலிருந்து கையை எடுத்து இடது பக்கத்தை மூடினாள். அப்போதும் குரல் எழுந்து நின்றது. கையை எடுத்தாள். கரைந்தது.

"திறங்க, அண்ணாச்சி."

முணுமுணுத்தபடியே அவர் திருகாணிகளைக் கழற்றினார். ஆவுடை சுவர்க் கடிகாரத்தை இறக்கி, அதிலிருந்த பேட்டரியை எடுத்தாள். மணி இரண்டு இருபதில் நின்றது.

புது ஸ்பீக்கர்களின் பிளக், லேப்டாப்புக்குப் பொருந்தாமல் போயிருந்தது. அதனால் பழைய பிளக்கை ஒயரோடு வெட்டியெடுத்து, புதிய ஸ்பீக்கர்களின் ஒயரோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார் சுடலைமுத்து. பற்றவைப்பு முத்து முத்தாக இருந்தது. பழைய ஒயர்களில் சிவப்பும் கறுப்பும் இருந்தன. புதியவை எல்லாமே கறுப்பு.

"எதை எதோட சேத்தீங்க?"

"எதோட சேத்தா என்ன தாயி? ரெண்டு கம்பியையும் எப்படி மாத்திக் கொடுத்தாலும் பல்பு எரியும். ஃபேன் சுத்தும்."

ஆவுடை பியூலாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, இடது ஸ்பீக்கரின் மெல்லிய சவ்வின்மேல் பூப்போல வைத்தாள். பேட்டரியின் ஒரு முனையைச் சிவப்பிலும் மறுமுனையைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டாள்.

"வெளிய வருது," என்றாள் பியூலா.

அந்த விரலை ஆவுடை வலது ஸ்பீக்கருக்கு மாற்றினாள். அதே போலத் தொட்டாள்.

"இது உள்ள போகுது."

பியூலா சிரித்துவிட்டாள்.

"ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. பாவம், அந்தப் பொம்பள நடுவுல எங்க நிப்பா?"

சுடலைமுத்து சிரிக்கவில்லை. சால்டரிங் கம்பியைச் சூடாக்கினார்.

"இதுல எது தப்பு? இடதா, வலதா?"

"எதை வேணும்னாலும் மாத்துங்க."

"தப்பா இருக்குததைத்தானே மாத்தணும்?"

"தப்பா எதுவும் இல்லையே, அண்ணாச்சி."

தப்பே இல்லாததை ஒருத்தன் எதற்காகப் பிரித்துப் போட வேண்டும்? அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கத்து ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைத்தார். மூடி போட்டார். பதிவை ஓடவிட்டார். இரண்டு வாயும் திறந்திருக்க, குரல் நடுவில் வந்து நின்றது.

"வீட்டுக்குப் போய்ச் செய்ய நேரமில்ல," என்று பியூலா அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாக்கியம் ஓடும், நிற்கும், விசைகள் படபடக்கும். நடுநடுவே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: "ஒரு தெளிவில்லை போச்சு... ரெண்டாவதும் போச்சு."

ஆவுடை கடிகாரத்துக்குப் பேட்டரியைப் போட்டு, போன நேரத்தைச் சேர்த்து முள்ளைத் திருப்பி வைத்தாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பியூலா வக்கீலுக்கு அனுப்பும் கடைசி விசையைத் தட்டினாள். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள்.

"பதினொண்ணும் போச்சு. நாளைக்கு வரமாட்டேன் அண்ணாச்சி, சந்தோஷம்தானே?"

"நல்லா இருங்க," என்றார் அவர், வேறு பக்கம் பார்த்தபடி.

கைத்தடியின் சத்தம் படியிறங்கிப் பஸ் இரைச்சலில் கலந்தது. சுடலைமுத்து மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"எனக்கு மனசு ஆறல தாயி. நேத்தும் இன்னைக்குமா அந்தப் பதிவ முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். இடதும் சரி. வலதும் சரி. நான் செஞ்சது சரி, அந்தப் பிள்ள சொன்னதும் சரிங்கீங்க. அப்போ தப்புதான் எங்க இருந்துச்சு?"

ஆவுடை கீபோர்டையும் பிரஷ்ஷையும் மறுபடி கையிலெடுத்தாள்.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க, அண்ணாச்சி?"

"யாரு, பியூலாவா?"

"பதிவுல பேசினவங்க."

"அதுவா? இப்போ நல்லாக் கேக்குது தாயி. வெண்கல மணி கணக்கா இருக்கு குரல்."

ஆவுடை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னாங்கன்னு கேட்டேன்."