குருவிக்கூட்டுக் கஷாயம்

ஒரு காட்டில், கடலை ஒட்டிய மலையடிவாரத்தில், புலியரசன் ஒருவன் இருந்தான். அவனுக்கு இரண்டு மாதமாக விடாத இருமல். உறும வாயைத் திறந்தால் 'லொக்கு லொக்கு' என்றுதான் வரும். மான்கள்கூட நின்று சிரித்துவிட்டு, அப்புறம்தான் ஓடின.

அரண்மனை வைத்தியர் நரி. அவர் பத்தடி தள்ளி நின்றே அரசனை மேலும் கீழும் பார்த்தார்.

"அரசே, இது சாமானிய நோய் அல்ல. கடற்கரைக் குகையில் உழவாரக் குருவிகள் மேகத்தின் பாலை எடுத்துக் கூடு கட்டுகின்றன. அந்தக் கூட்டைக் காய்ச்சிக் குடித்தால் போன பலமெல்லாம் திரும்பிவிடும்" என்றார்.

புலியரசன் சுத்தம் பார்க்கிறவன். காகம் கொத்திய இறைச்சியை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டான். மேகத்தின் பால் என்றதும் அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

ஏவலாள் குரங்கு தினமும் குகைப் பாறையில் ஏறிக் கூடுகளைப் பெயர்த்து வந்தது. தினமும் கஷாயம் கொதித்தது. இருமல் மட்டும் குறையவில்லை. "கூடு போதவில்லை" என்றார் நரி.

அந்தக் குகையில் ஒரு தாய்க்குருவி இருந்தது. அதன் முதல் கூடு போயிற்று. மறுபடி கட்டியது, அதுவும் போயிற்று. மூன்றாவதைக் கட்டி முடிப்பதற்குள் அதற்கு வாய் வறண்டு உடம்பு பாதியாகிவிட்டது. அதில்தான் ஒரே ஒரு முட்டை இட்டிருந்தது. இதுவும் போனால் இன்னொன்று கட்டத் தெம்பில்லை.

குரங்கு வந்து நின்றதும் குருவி சிறகை விரித்துக் கூட்டை மறைத்தது.

"அண்ணே, இதை மட்டும் விட்டுவிடு!"

"எய்தவன் இருக்க அம்பை நோகாதே, தங்கச்சி. வெறுங்கையோடு போனால் என் தலை தப்பாது."

குருவி முட்டையைப் பார்த்தது. குரங்கின் கையைப் பார்த்தது.

"பழைய கூடு எதற்கு அண்ணே? அரசர் கண்ணெதிரிலேயே புதிதாகக் கட்டித் தருகிறேன். என்னைக் கூட்டிப்போ" என்றது.

பாறை ஏறுகிற வேலை மிச்சம் என்று குரங்கும் சம்மதித்தது.

சபையில் அரசன், முந்தின நாள் கூட்டின் கஷாயத்தைக் குடித்துவிட்டு மீசையை நக்கிக்கொண்டிருந்தான். குருவி சுவரில் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, பிசுபிசுவென்று ஒரு கோடு இழுத்தது.

"என்ன செய்கிறாய்?" என்றான் அரசன்.

"கூடு கட்டுகிறேன், அரசே."

"மேகத்தின் பால் எங்கே?"

"மேகம் எனக்கு எட்டுமா? இது என் எச்சில். எங்கள் கூடு முழுவதும் எச்சில்தான். கிண்ணத்தைக் காட்டுங்கள், அதிலேயே துப்பித் தருகிறேன். காய்ச்சுகிற சிரமமும் இருக்காது."

அரசன் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தான். "உவ்வே!" என்று சபை அதிரக் குமட்டினான். இரண்டாவது குமட்டலில் தொண்டையிலிருந்து ஏதோ தெறித்து விழுந்தது. பார்த்தால், ஒரு முள்ளம்பன்றி முள்! அத்தோடு இருமலும் நின்றது.

நரி துள்ளிக் குதித்தார். "பார்த்தீர்களா அரசே! என் மருந்து வேலை செய்துவிட்டது!"

அரசன் முள்ளை நகத்தால் புரட்டினான்.

"வைத்தியரே, இத்தனை மாதத்தில் ஒருநாளாவது என்னை வாயைத் திறக்கச் சொன்னீரா?"

நரி அரசனின் பற்களைப் பார்த்தார். ஓரடி பின்வாங்கினார்.

"என் வாய்க்குள் எட்டிப்பார்க்க உமக்குப் பயம். அதனால்தான் குருவியின் வாயிலிருந்து மருந்து எடுத்தீர். வாரும், இப்போது நன்றாகப் பாரும்!" என்று அரசன் வாயைப் பிளந்தான்.

நரி எடுத்த ஓட்டம் அடுத்த காட்டில்தான் நின்றது.

தாய்க்குருவி குகைக்குப் பறந்தது. முட்டை ஆறிப்போயிருந்தது. குருவி அதன்மேல் சிறகைப் பரப்பி உட்கார்ந்தது. பொழுது சாய்வதற்குள் முட்டை மறுபடியும் வெதுவெதுப்பானது.

நீதி: நோயைப் பார்க்க அஞ்சுகிற வைத்தியன், எங்கேயோ இருக்கிற மருந்தைத் தேடச் சொல்வான்.